துணிமேல் விழுந்த வெளிச்சம்

அண்ணா,

இன்று வாங்கிவந்த பல்பின் அட்டைப்பெட்டியில் வாட், லூமென் இரண்டும் அச்சாகியிருந்தன. பார்த்ததும் உங்கள்மேல் பழைய கோபம் வந்தது. நீங்கள் இருந்தவரை உங்கள் எதிரே எனக்கு நாக்கு எழவில்லை. இப்போதும் வரிசைப்படுத்தினால்தான் எழுத வரும்.

1. வாட் வெளிச்சத்தின் அளவு அல்ல.
2. வெளிச்சத்தை அளக்கவேண்டிய இடம் துணி, பல்பு அல்ல.
3. என் மனைவியின் கண்ணைக் கெடுத்தவர் நீங்கள்.

எழுபதுகளின் கடைசியில் வேங்கிக்காலில் நீங்கள் நடத்திய தையல் கூடத்தில் அவள் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். கறுப்புத் துணி, கறுப்பு நூல். தினமும் தலைவலியோடு வீடு திரும்புவாள். வெளிச்சம் போதவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நூறு வாட்டு போட்டிருக்கேன்டா. இன்னும் என்ன, மலைமேல ஏத்தற தீபத்தையா கொண்டாந்து தொங்க விடறது?" என்றீர்கள்.

வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம். அது வெளியே விடும் ஒளி லூமென். ஒரு சதுர மீட்டர் துணியில் எத்தனை லூமென் விழுகிறதோ, அது லக்ஸ். தைக்கிறவளுக்கு வேண்டியது அதுதான். கல்லூரியில் வருடாவருடம் இதைப் பாடம் நடத்திய எனக்கு உங்களிடம் வாய் வரவில்லை.

அதனால் ஆய்வகத்திலிருந்து லக்ஸ் மீட்டரை எடுத்துவந்தேன். மேசைமேல் வைப்பதற்குள் நீங்கள் பிடுங்கிக்கொண்டு, ஸ்டூலில் ஏறிப் பல்பின் பக்கத்தில் நீட்டினீர்கள். முள் கடைசிவரை ஓடியது.

"பாத்துக்கங்கம்மா! ஜாஸ்தியாவே இருக்கு. வாத்தியார் பொண்டாட்டிக்கு வேலை செய்யத்தான் வலிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலைநிமிராமல் தைத்தாள். பிறகு நான் மேசையில் வைத்தபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை.

"ஒயரை இறக்கி உயரத்தைப் பாதியாக்கினா நாலு மடங்கு வரும்ணா" என்றேன்.

"என் தலையில இடிக்கும்டா."

நாளில் எவ்வளவு நேரம் உங்கள் தலை அங்கே இருந்தது?

மூன்றாவது வெகுகாலமாக மனதில் இருப்பதால், பட்டியல் போடும்போது பழக்கத்தில் கை எழுதிவிட்டது. இப்போது அவளுக்கு எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது. அதற்கு நீங்களே காரணம் என்று நம்பி உங்கள் சாவிலும் அழாமல் நின்றேன். போன வாரம் கண் டாக்டரிடம் அந்தக் கூடத்தின் கதை முழுவதையும் சொன்னேன்.

"மங்கல்ல தைச்சா கண்ணு அசரும், தலை வலிக்கும். அதனால கண்ணு கெட்டுப்போவாது சார். இது வயசுல வர்ற புரை" என்றார்.

"மாமாவை இன்னுமா திட்டிக்கினு இருக்கீங்க?" என்று பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்.

புதுப் பல்பை அவள் நாற்காலிக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறேன். போக வர என் தலையில்தான் இடிக்கிறது. இறக்கியதை ஏற்றமாட்டேன்.

முதல் இரண்டும் சரி. அந்தத் தலைவலிகளும் அந்தச் சிரிப்பும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மூன்றாவது தவறு, அண்ணா. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.