டிரைவர் அண்ணனின் நாலாவது மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

ஆண்களுக்கான புதுக் கருத்தடை மருந்தை இங்கே சோதிக்கிறோம் என்று சொன்னேனே, அதில் சேர்ந்த பஸ் டிரைவர் அண்ணன் தோளில் தடவும் அந்தக் களிம்பை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. இப்போது அவருக்குக் குழந்தை வேண்டும். ஆனால் மூன்று மாதமாகச் சோதனையில் விந்தணு ஒன்றுகூடத் தென்படவில்லை. நேற்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வாலை ஆட்டிக்கொண்டு கூட்டமாக ஓடுகின்றன! நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா பதறி வந்து, "என்னடி, பல்லியா?" என்றார். போனில் சொன்னதும் அண்ணன், "நல்லாப் பாத்தியாம்மா?" என்று அழுதேவிட்டார்.

இந்த மருந்து நிச்சயம் கடைக்கு வரும், அம்மா. கருத்தடை மாத்திரை போட்டுத் தலைசுற்றி நீங்கள் சுவரைப் பிடித்து நின்றதை நான் மறக்கவில்லை.

அலமாரியில் என் மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டு இருக்கும், அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள். வேலை முடிந்தால் இங்கே பேச ஆளில்லை.

லேபில் கூப்பிடுகிறார்கள். எனக்கு என்ன வேலை என்று பெரியம்மா கேட்டால் இனி மழுப்பாதீர்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்