வசந்தாவின் பற்கள்

14-7-1983, வியாழன்

காலையில் என் மருந்துக் கடைக்கு ஒரு நெசவாளி வந்தார். போன வருடம் தம் பெரிய பையனுக்கு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டி, அதே டெட்ராசைக்ளின் கேப்சூலை மூன்று வயது மகளுக்குக் கேட்டார். பிரித்துப் பாதியைத் தேனில் குழைத்துக் கொடுப்பாராம். மறுத்தேன்.

"பெரியவனுக்கு நல்லா கேட்டுதேங்க. சட்டம் பேசிகினு பேஜார் பண்றீங்களே!"

எட்டு வயதுக்குள் கொடுத்தால், ஈறுக்குள் வளரும் பல்லில் மருந்து கலந்து, பல் பழுப்பாகவே முளைக்கும் என்றேன். கர்ப்பிணிகளும் உண்ணலாகாது என்றேன்.

"தேச்சா போவாதா?"

"போகாது."

யோசித்தார். "அப்போ துணில பட்ட கறை இல்லீங்க. நெய்றதுக்கு முன்னாலயே நூல்ல ஏத்தன சாயம்."

நான் இவ்வளவு தெளிவாக யாருக்கும் விளக்கியதில்லை. குழந்தையை டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னவர், "இதெல்லாம் புக்குல படிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அது முழு உண்மையன்று. என் மகள் வசந்தாவுக்கு அந்த வயதில் அதே மருந்தைச் சிரப்பாக, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அளவு பிசகாமல் ஊட்டியவன் நான். டாக்டர் எச்சரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் கல்லூரி விண்ணப்பத்துக்காக அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றேன். போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். அவள் உதட்டைத் திறக்கவில்லை.

திரும்பும்போது, "நம்ம கெணத்துத் தண்ணிதாம்பா என் பல்ல கெடுத்துடுச்சு" என்றாள்.

பிறர் பிழையை அங்கேயே திருத்திவிடுவது என் வழக்கம். இன்று பேசாமல் நடந்தேன்.