அப்பா படத்துக்கு வைத்த சாமந்தி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. ஸ்பானிஷ் பேசும் சில ஊர்களில் ஆண்டுக்கொரு நாள் இறந்தவர் படத்தை மேசையில் வைத்து, பூ வைத்து வரவேற்பார்களாம். எங்கள் ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வில் நாங்களும் அப்படிப் படம் வைத்துப் பேச வேண்டும். தாத்தா படம் வீட்டில் இருக்கிறது. விடுதியில் என்னிடம் இருந்தது உங்கள் படம்தான். மார்க்குக்குத்தானே என்று வைத்துவிட்டேன், சாமந்தியோடு.

பேசப் பேச அழுகை வந்துவிட்டது. டீச்சர் கட்டிக்கொண்டு, "அப்பா இல்லாத பொண்ணுன்னு இத்தனை நாளா சொல்லவே இல்லையேம்மா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் மார்க் எனக்குத்தான்.

பூவை அப்போதே எடுத்துவிட்டேன். படத்தைத்தான் நேராகப் பார்க்க முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லாதீர்கள், வாயில் சூடு வைப்பாள். தாத்தா படத்தை அனுப்புங்கள், தேங்காய் எண்ணெயும். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது அம்மாவிடம் கொடுக்காமல் நீங்களே எடுங்கள். திட்டக்கூட வேண்டாம் அப்பா, ஒருமுறை இருமினால் போதும்.

உங்கள் மகள்