நாலு டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

நேவியோவுக்கு இன்று பன்னிரண்டாவது சோதனை. பக்கவாதத்தில் மூளையின் பின்பக்கம் அடிபட்டு, இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போன ஆள். எங்கள் ரியேகா நகரத்து டவுன் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். திரையின் நடுக்குறியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சோதனை முடிவில் வரும் பார்வை வரைபடத்தில், தெரியாத இடத்தைக் காட்டும் கறுப்புப் பகுதி நாலு டிகிரி சுருங்கியிருக்கிறது. நாலு! நான் எழுதிய கணினிப் பயிற்சி வேலை செய்கிறது. அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "பார்வை திரும்புது ஐயா."

அவர் தன் மனைவி மார்ச்சேலாவிடம், "கேட்டியா? இனிமே மார்க்கெட்டுக்கு உன் பின்னால நடக்க வேண்டாம். வேன எடுத்துடலாம்" என்றார்.

"மொதல்ல கதவுல இடிச்சுக்காம வெளிய வாங்க" என்றது அந்த அம்மா.

சிரித்தோம். லைசென்ஸ் கமிஷனில் காட்ட வரைபடத்தின் நகல் கேட்டார். அச்சிட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 5

"சோதனையில அவர் கண் எங்க நகருதுன்னு எடுத்த கேமரா பதிவைப் பாத்தியா, திஹோ?" என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் க்செனியா மேடம். பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பார்த்தேன்.

ஜனவரியில், கண் நடுக்குறியை விட்டு ஒரு டிகிரி நகர்ந்தாலே அந்தப் புள்ளி செல்லாது, கணினி மறுபடி காட்டும். நாற்பது நிமிஷச் சோதனை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. எரிச்சலில் வரம்பை நாலாக்கினேன். 'தற்காலிகம்' என்று பக்கத்தில் குறிப்பு வேறு. திரும்ப மாற்றவே இல்லை.

பதிவில் அவர் கண் ஒவ்வொரு முறையும் இடது பக்கம் நழுவுகிறது. புள்ளி குருட்டுப் பக்கத்தில் விழவேயில்லை, தெரிகிற பக்கத்தில் விழுகிறது. நான் விட்ட வரம்பு நாலு. சுருங்கியது நாலு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கே உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லையா — உறைக்க வேண்டாம் என்று இருந்தேனா?

மார்ச் 11

அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 12

சொல்லவில்லை. நாளை.

மார்ச் 13, வெள்ளி

மார்ச்சேலா போன். "மீன் மார்க்கெட் பக்கத்துல, தம்பி. இடது பக்கமா ஒருத்தன் தள்ளுவண்டியோட வந்திருக்கான். இவருக்குத் தெரியவே இல்ல. அவன் குதிச்சுத் தப்பிச்சான், மத்திப் பெட்டியெல்லாம் ரோட்டுல. நீங்க சொன்னீங்கன்னுதானே வண்டிய எடுத்தாரு?"

இனி எடுக்கவே கூடாது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமையே தெரியும்டா உனக்கு. மூணு நாள். அந்த ஆள் குதிக்காம இருந்திருந்தா?

மார்ச் 16

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பார்த்ததாகப் பொய் சொன்னது உட்பட. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "இந்த முடிவ வெச்சு மாநாட்டுக்கு அனுப்பின கட்டுரைய நான் வாபஸ் வாங்கிக்கறேன். அவர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. போன்ல இல்ல."

மார்ச் 17

அவர் வீட்டுச் சமையலறை. மார்ச்சேலா காபி ஊற்றி வைத்தார். கப்பைத் தொடாமல் சொன்னேன்: "அந்த வரைபடம் பொய். வரம்பைத் தளர்த்தினது நான்."

நேவியோ, "கண்ண நகர்த்தினது நான்தானே" என்றார்.

"ஏன் ஐயா?"

"நான் ஒவ்வொரு புள்ளியத் தவறவிடும்போதும் நீ பின்னாலேந்து 'ச்சு'ன்னுவே. எங்க டிப்போல பஸ்ஸு லேட்டானா மேனேஜர்கூட அப்படிக் கொட்டமாட்டான். கண்ணக் கொஞ்சம் ஒதுக்குனா நீ சும்மா இருந்தே. அப்புறம் பழகிப்போச்சு. தெரியுதுன்னு நானே நம்பிட்டேன்."

நான் 'ச்சு' கொட்டுவேனா? எனக்கே தெரியாது.

"இப்பக்கூடக் கொட்டினீங்க" என்றார் மார்ச்சேலா.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் கொடுத்த நகலை நேவியோ நாலாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

மார்ச் 19

வரம்பு: ஒன்று. பழைய சோதனைகள் எதுவும் செல்லாது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்ச் 26, வியாழன்

வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. வேனை மச்சினனிடம் கொடுத்துவிட்டாராம், பஸ்ஸில் வந்திருக்கிறார். "டிரைவர் பய பிரேக்க மிதிக்கிறான், கொத்தனார் மண்ண மிதிக்கிற மாதிரி."

முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது ஒப்புதல் படிவம். நான் நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. "படி."

படித்தேன். மூன்றாம் பத்தி: 'இந்த ஆய்வினால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லாமல் போகலாம்.'

"அத இன்னொரு தடவ படி."

படித்தேன். ஜனவரியில் கையெழுத்து போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டியிருந்தேன்.

"சரி, குடு" என்று பேனாவை வாங்கினார்.