கட்டைவிரல் படமும் காவல் படைக் கப்பலும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். அதற்கு அரசாங்கமே சாட்சி, அந்தக் கதைக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே குறையில்லாமல் இருக்கவேண்டும். படகுச் சாமான் விற்கும் கடைக்காரர், ஆண்டெனா சரியாகும்வரை உட்கார்ந்து எழுதுங்கம்மா என்று தன் கம்ப்யூட்டரைக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் இவ்வளவு நீளம். கடலிலிருந்து அனுப்பினால் நாலு வரிக்கு மேல் போகாது.

போனில் நீ அழுத அழுகையில் எதையும் சொல்ல முடியவில்லை, இப்போது கேள். ஓய்வு பெற்ற மனிதர்கள் செய்தித்தாள் படிப்பார்கள், உன் அப்பா பாய்மரப் படகு வாங்கினார். டெலிபோன் ஆபீசில் ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவர், நடுக்கடலிலும் பிள்ளைகளோடு தொடர்பு அறாது என்று சத்தியம் செய்துதான் என்னை ஏற்றினார். சொன்னபடியே செய்தார். தினமும் சாயங்காலம் எங்கே இருக்கிறோம், என்ன சாப்பிட்டோம் என்று உனக்கு ஒரு மெயில் போடுவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும், சில நாள் அதுவும் வராது. கரை தெரிந்து சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டால், மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்பாய். தண்ணீருக்கு நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் நாங்கள் எப்போதும் கிடைப்போம், நகரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் நீ கிடைக்கமாட்டாய்.

போன வாரம் அப்பாவுக்கு, மெயில் போகிற அந்த ஆண்டெனாவை இன்னும் நன்றாக வேலை செய்யவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒழுங்காக இருக்கிற சாமானைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது. கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டும்போது அதன் உயிர்நாடியான ஒரு பாகம் கைதவறிக் கடலுக்குள் போய்விட்டது. பாப்பா பதறிவிடுவாளே என்றேன். அவ என்னிக்குப் படிச்சா, இன்னிக்குப் பதற, என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காற்றும் விழுந்துவிடவே ஒரு சின்னத் தீவை ஒட்டி நங்கூரம் போட்டுவிட்டு, மீன் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தோம்.

ஒரு காலையில் கடலோரக் காவல் படைக் கப்பல் ஒலிபெருக்கியில் எங்கள் படகின் பெயரைக் கத்திக்கொண்டே வந்தது. அப்பா இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக மேல்தட்டில் நின்றிருந்தார். பயத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், துண்டைப் பற்றி நான்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. வந்த அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி, சார், முட்டிவலி மாத்திரை இருக்கா, தீர்ந்துபோயிருக்கும்னு உங்க பொண்ணு சொன்னாங்க, என்பதுதான். படகுப் பாயில் நான் போட்ட நீல ஒட்டு, ஓடி ஓடி நிற்கிற தண்ணீர்ப் பம்பு, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் என் மெயில்களில் அங்கங்கே புலம்பி வைத்தவை. அப்படியானால் ஒன்று விடாமல் நீ படித்திருக்கிறாய், மெயில் நின்றதும் எங்களைத் தேடச் சொல்லியிருக்கிறாய். சந்தோஷம்தான் கண்ணு, ஆனால் முன்பே தெரிந்திருந்தால் உன் மாமியாரைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் அடக்கி எழுதியிருப்பேன்.

பிறகு அவர்கள் போனிலேயே உன்னைப் பிடித்துக் கொடுத்தார்கள். நீ அழுதாய், அப்புறம் திட்டினாய். ஊரையே அதட்டிப் பழகிய உன் அப்பா சரிம்மா, சரிம்மா என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கப்பல் போனபிறகு, கண்ல சோப்பு போயிடுச்சு என்று வெகுநேரம் முகம் கழுவினார். நுரை எப்போதோ காய்ந்திருந்தது.

கடைக்காரர் அந்தப் பாகத்தை இரண்டாகவே கொடுத்திருக்கிறார், ஒன்று மாட்டுவதற்கு, ஒன்று அப்பா கடலில் போடுவதற்கு. நாளை கிளம்புகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, கட்டைவிரலோடு இரண்டு வார்த்தையும் சேர்த்து அனுப்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன் அண்ணனிடம் இதை மூச்சுவிடாதே. தினசரி மெயில் அவனுக்கும்தான் போகிறது. நாங்கள் காணாமல் போனதும் தெரியாது, கிடைத்ததும் தெரியாது. அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். அடுத்த மாதத்துக்குள் கண்டுபிடித்துவிடுவான் என்கிறார் அப்பா. பெற்றவள் நான், வருடக் கடைசி என்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா