வெள்ளை மண்ணில் தெளிந்த ஊறல்

1931 ஆகஸ்ட் 4, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

இரண்டாவது ஊறலும் கருகிவிட்டது. கசடு டின்னின் அடியில் ஒட்டித் தீய்ந்துபோய், வடிந்த சம்சுச் சாராயம் முழுக்கக் கருகல் நாற்றம். பக்கிரிசாமி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். "டிரசரண்ணே, குடிக்கிறவன் கெடக்கட்டும். இந்த வாடைக்கு மாத்தா-மாத்தா போலீஸ் மோந்துகிட்டே வந்துடுவான்" என்றான். காய்ச்சுவது நான், விற்பது அவன்.

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரசராக ஒன்பது வருடம் இருந்தேன். ரப்பர் விலை விழுந்ததும் பாதிப் பேரைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றினார்கள். எனக்கும் சீதாலெட்சுமிக்கும் இலவச டிக்கெட் நீட்டினார்கள். வாங்கவில்லை. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லை. ஒரு வாரக் கடல் பயணத்தை அந்த உடம்பு தாங்காது.

குடித்து ஈரல் வீங்கி வந்தவர்களுக்கு மருந்து கலக்கிய கைதான் இது. வேறு என்ன செய்ய? நாலு மாதமாக எந்த மருந்துக் கடையில், எந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்கவில்லை?

ஆகஸ்ட் 6

கசடு அடியில் படியட்டும் என்று செங்கல் சூளைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். சேறாகிவிட்டது. ஒரு பானை ஊறல் சாக்கடைக்கு. சீதா இன்றும் வெறும் கஞ்சி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

படுத்துக் கிடந்தபோது தோன்றியது: வயிற்றுப்போக்குக்கு மருந்தகத்தில் வெள்ளைக் களிமண் கரைத்துக் கொடுப்போமே! அது குடலில் இருப்பதையே பிடித்து இழுக்கும். ஊறலில் மிதக்கும் கசடு எம்மாத்திரம்?

ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பம் ஒன்றின் குட்டைக் கரையில் அந்த மண் கிடக்கிறது. நடந்து போய் ஒரு சாக்கு கொண்டுவந்தேன். காயவைத்து, இடித்து, சீதாவின் பழைய சேலையில் சலித்து, வெந்நீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

"என்னங்க இது?" என்றாள்.

"மருந்து."

மூக்கு என்று ஒன்று அவளுக்கும் இருக்கிறது.

ஆகஸ்ட் 12

தெளிந்துவிட்டது!

கூழாய் ஊறிய மண்ணை ஊறலில் விட்டுக் கலக்கி, இரண்டு நாள் தொடாமல் வைத்தேன். மேலே தேத்தண்ணி நிறத்தில் தெளிவு, அடியில் நாலு விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு. ரப்பர் குழாயால் மேல் தண்ணீரை மட்டும் இறக்கிக் காய்ச்சினேன். கருகல் இல்லை, வாடை இல்லை. சொட்டுச் சொட்டாகக் கண்ணாடி போல விழுந்தது.

எத்தனை மாதம் கழித்துச் சிரித்தேன். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 19

சீதா மீன் சாப்பிட்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 25, செவ்வாய். காலை.

மாட்டுவண்டி ஓட்டுகிற வேலாயுதத்தின் பெண்சாதி மாரியாயி விடிந்ததும் ஓடி வந்தாள். "கண்ணு முன்னால ஒரே பொகையா இருக்குங்கறாரு, டிரசரய்யா. ராத்திரி குடிச்சாரு. வாந்தி நிக்கல. வந்து பாருங்க."

போனேன். தீக்குச்சியைக் கிழித்துக் கண் முன்னால் பிடித்தேன். பாவை சுருங்கவில்லை. பக்கத்தில் போத்தல் கிடந்தது. பக்கிரிசாமி விற்ற, நான் காய்ச்சிய சம்சு. காய்ச்சியது யாரென்று மாரியாயிக்குத் தெரியாது. வைத்தியம் தெரிந்தவன் என்றுதானே என்னிடம் வந்தாள்.

ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூடப் போகவில்லை. போகலடா நீ. பயந்துட்ட.

மத்தியானம்

மாரியாயி வந்து சொல்லிப் போனாள். போலீசுக்குப் பயந்து, கெட்ட மீன் தின்றதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

மண். அந்த மண்தானா? ஈயம் எடுத்த குட்டையில் பாஷாணம் இருக்காதா? தெளிவைப் பார்த்தேனே தவிர, அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று யோசித்தேனா? ஒருத்தன் கண்ணை நானே பிடுங்கிட்டேனா?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். அதே தடவை காய்ச்சியதில் வீட்டில் மிச்சமிருந்ததை இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவதை ஊற்றும்போது சீதா வந்து டம்ளரைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்தக் கப்பல்ல ஏறுறது?" என்றாள். அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 26

விடிந்தது. நாட்காட்டியின் பொடி எழுத்துக்கூடத் தெரிகிறது. மண்ணால் இல்லை. அப்படியென்றால்?

நேரே பக்கிரிசாமி வீட்டுக்குப் போனேன். அவனிடம் இருந்த போத்தலைத் திறந்து மோந்தேன். பாலிஷ் ஸ்பிரிட் வாடை. குடித்தால் கண்ணைப் பறிக்கிற விஷம். மேசை நாற்காலிக் கடையில் பாலிஷ் போட்டவன், வேலை போனபோது ஒரு டின்னைத் தூக்கி வந்திருக்கிறான்.

"கொஞ்சந்தாண்ணே. ரெண்டு போத்தல மூணாக்குனேன். பத்தவச்சா எரியுது, அப்ப சரக்குதானேன்னு நெனச்சேன்." காலில் விழுந்தான். "சொல்லிடாதீங்கண்ணே. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால், டாக்டர் கெட்ட மீனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னால் எனக்கு ஜெயில். சீதாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கப் போகிறது. இவள் யாரோடு இருப்பாள்? ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

சீதா வெளுத்த சட்டையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "மாத்திகிட்டுப் போங்க. ஆஸ்பத்திரிக்கு டிரசராவே போங்க."

போகிறேன்.

1932 ஜனவரி 10, ஞாயிறு. சுங்கை பூலோ.

மூன்று மாதம் புடு ஜெயிலில் இருந்தேன். எழுத வழியில்லை. போலீஸ் தேடிப் போனபோது பக்கிரிசாமி குடும்பத்தோடு கப்பலேறியிருந்தான்.

நான் சொன்னதைக் கேட்ட வெள்ளைக்கார டாக்டர் அன்றைக்கு என்னை வையவில்லை. "எவ்வளவு கலந்தது?" என்று மட்டும் கேட்டார். வேலாயுதம் பிழைத்தான். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் கிட்டத்தில் இருப்பது மட்டும் தெரிகிறது. வண்டி ஓட்ட முடியாது.

ஜெயிலிலிருந்து வந்ததும் அதே டாக்டர் இங்கே தொழுநோய்க் குடியிருப்பில் கட்டுப் போடும் வேலைக்கு எழுதிக் கொடுத்தார். இந்த வேலைக்கு வர ஆளில்லையாம். எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

சீதாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பிரசவம் பார்த்தது மாரியாயி. காய்ச்சியவன் நான் என்று அவளுக்கு அப்போது தெரியும். என்னோடு அவள் பேசுவதில்லை. பெண் குழந்தை. சீதா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

இன்று லீவு. போயிருந்தேன். வேலாயுதம் குழந்தையை வாங்கி, முகத்தோடு முகம் ஒட்டுகிற அளவுக்குத் தூக்கி, வெகு நேரம் பார்த்தான்.

"மூக்கு தெரியுது" என்றான். "டிரசர் மூக்கு."

மாரியாயி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்பக்கம் போய், கிடந்த விறகை எல்லாம் பிளந்தேன். "சாப்பிடக் கூப்பிடு அந்தாளை" என்று அவள் சீதாவிடம் சொல்வது கேட்டது.