இருபது கோழிக்கும் எடம் இருந்தது, ரத்னா

என் கூடப் பொறக்காத ரத்னாவுக்கு,

நீ போய் மூணு மாசம் ஆகப்போகுது. இத்தனை நாளாக உன்னிடம் பேசத் தைரியம் வரவில்லை. போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் இருபது வெடக்கோழி வாங்கிவிட்டேன். ஆமாம், இருபதுதான். நீ பத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கொட்டாயில்தான் இருபதையும் அடைத்தேன். பிடிவாதம் என்று நினைக்காதே. கொஞ்சம் பிடிவாதமும்தான். ஆனால் தகர வேலிக்கு அந்தப் பக்கம் உன் சத்தம் இல்லாமல் போனதில் இருந்து என் புறக்கடையில் நிற்கவே முடியவில்லை. எதுவாவது கத்திக்கொண்டு இருக்கட்டும் என்று இருந்தது.

நாலு நாள் விடாமல் மழை. கோழிகளை வெளியே விடவில்லை. அஞ்சாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். ஒரு பெட்டை மூலையில் கிடந்தது. நாய் கடித்ததோ, கீரி புகுந்ததோ என்று வலையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. திரும்பிப் பார்த்தால், நாலைந்து கோழிகள் அதைச் சுற்றி நின்று பின்பக்கம் கொத்தி இழுத்துக்கொண்டு இருந்தன. இன்னொரு பெட்டை முதுகில் இறகே இல்லாமல், ரத்தமாக, தலையை மட்டும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நுழைத்துக்கொண்டு நின்றது. கோழியே கோழியைத் தின்னுமா ரத்னா? எனக்கு நாற்பத்து நாலு வயசாகிறது. நான் இதைப் பார்த்ததே இல்லை. கையில் இருந்த தீவனச் சட்டி கீழே விழுந்தது கூடத் தெரியவில்லை.

உயிரோடு இருந்த அந்தப் பெட்டையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா காயத்தைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கொட்டாய் எத்தனை அடிங்க?"

"எட்டுக்கு நாலுங்க."

"எத்தனை கோழி?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "அதுக்கு ஓடிப்போவ எடமே இல்லீங்களே. இன்னிக்கே பாதியப் பிரிச்சு வேற பக்கம் விடுங்க. ரத்தத்தைப் பாத்துட்டா மத்ததும் விடாதுங்க" என்றார்.

ஓடிப்போக எடம். அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன், உன் வாயால்.

கொட்டாய் கட்ட மேஸ்திரி வருவதற்கு மொத நாள் நீ கோலமாவை எடுத்து வந்து என் புறக்கடையில் கோடு போட்டாயே, நினைவிருக்கிறதா? "அக்கா, கோழி நிக்கற எடத்தைக் கணக்கு வெக்காத. றெக்கைய விரிச்சா எவ்ளோ வேணும்னு பாரு. அடி வாங்கற கோழி ஓடிப்போவ ஒரு மூலை வேணும். இந்த எடத்துக்கு ஹத்து சாக்கு" என்றாய். பத்து போதும் என்பதை எப்போதும் உன் வூட்டுக் கன்னடத்தில்தான் சொல்வாய். நான் என்ன சொன்னேன்? "என் எடம், என் கோழி. உன் அளவும் வேணாம், உன் யோசனையும் வேணாம். உன் வூட்டு வேலையப் பாரு, போ." மீதி மாவைக் கொட்டாங்குச்சியில் அள்ளிக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் காலையில் உன் பக்கத்தில் இருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. எனக்குப் போட்டியாகச் சுவர் எழுப்பப் பார்க்கிறாள் என்று நினைத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை நின்றது. நின்றதே என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு எவ்வளவு நேரம் கழித்து உன் வூட்டுக்காரர் முனிராஜ் கத்தினார் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோச்சு. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உனக்கு முப்பத்தாறு வயசு. தலைவலி என்றுகூட ஒரு நாள் சொன்னதில்லையே.

போன வாரம் மாட்டாஸ்பத்திரியில் இருந்து நேராக உன் வூட்டுக்குத்தான் போனேன். வேறு எங்கே எடம் கேட்பேன்? முனிராஜ் தம்பி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தார்.

"தம்பி, பாதிக் கோழிய உங்க பக்கம் விட்டுக்கட்டுங்களா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுங்களாக்கா? குழிதான் எடுத்து வெச்சிருக்குதே."

"எந்தக் குழி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேலியோரம் கூட்டிக்கொண்டு போய்ப் பலகைக்கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டினார். உன் காரியத்தன்று அந்தக் கல்மேல் உட்கார்ந்துதான் நான் அழுதேன். கீழே கம்பம் நடுகிற குழிகள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

"அன்னிக்குக் காலையில எடுத்தாக்கா. இங்க எதுக்குடி தோண்டறனு கேட்டன். அக்கா இருவது கோழி வாங்காம வுடாது, அங்க பத்துக்குத்தான் எடம், மீதி நம்ம பக்கம் வரட்டும், நடுவுல ரெண்டு தகரத்தைக் கழட்டிட்டாப் போதும்னா. அவளத் தூக்கும்போது கையெல்லாம் மண்ணு. வந்தவங்க கால் மாட்டிக்குவாங்கனு நான்தான் கல்லப் போட்டு மூடனன். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எம்மேல கோவமா இருந்தாளா?" என்று கேட்டேன்.

"கோவமா? எதுக்குங்க கோவம்?"

நீ அவரிடம் சொல்லவே இல்லை. நான் பேசிய பேச்சை நீ உன் வூட்டுக்குள்ளேகூடக் கொண்டுபோகவில்லை. அவ்வளவு பேசியவளுக்காகக் காலையில் எழுந்து கடப்பாரையைத் தூக்கினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

அன்றைக்கே பத்துக் கோழியை மூங்கில் கூடைப் பஞ்சாரம் போட்டு உன் பக்கம் விட்டோம். நேற்று கம்பம் நட்டோம். மழையில் சரிந்த மண்ணை முனிராஜ் தம்பி வாரிப் போட்டார். அஞ்சு குழி முழங்கை ஆழம் இருந்தது. ஆறாவது ஒரு சாண்தான். அதைப் பார்த்ததும் தம்பி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வூட்டுக்குள் போய்விட்டார். மீதியை நான்தான் தோண்டினேன். கை கொப்பளித்துவிட்டது. இரண்டு தகரத்தைக் கழற்றியாச்சு. காயம்பட்ட பெட்டை தனியாக, உன் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று காலையில் தானாகத் தவிடு தின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது மாதிரி எழுதுகிறேன், இல்லையா? ஒன்றும் சரியாகவில்லை. தம்பிக்கு நாம் சண்டை போட்டது தெரியாது. சத்தம் நின்றபோது நான் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் தெரியாது. பார்த்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. தம்பி என்னை அக்கா, அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் கோழிக்குத் தண்ணி வைக்கிற சாக்கில் நகர்ந்துவிடுகிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் அவர் வலை கட்ட வருவார். கட்டி முடித்ததும் உட்காரச் சொல்லி, நான் பேசியதையும், சத்தம் நின்றதைக் கேட்டும் எட்டிப் பார்க்காததையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அவர் அந்த இரண்டு தகரத்தையும் திரும்ப அடித்தாலும் அடிக்கட்டும். அடிக்கும்போது ஆணி எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் நிற்பேன்.

உன் பக்கத்து வூட்டு அக்கா,
மல்லிகா